மந்தையின் குடிவழி

சிராங்கூன் சாலையில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் என் நண்பர் பழைய பணத்தாள்களைச் சேர்ப்பவர். பொங்கல் நெருங்கிய ஒரு மாலையில் ஆஸ்திரேலிய இரண்டு வெள்ளித் தாள் ஒன்றை என் கையில் வைத்தார். 1966இல் வெளிவந்து, 1988இல் நாணயத்திற்கு இடம் விட்டு விலகிய தாள் அது. அதில் ஒரு மனிதரின் முகம். அருகே சுருண்ட கொம்புடைய செம்மறிக் கிடாய். ஆட்டிற்கும் இவ்வளவு மதிப்பா என்று வியந்தேன். வியப்பு என்னை நூலகம் வரை இழுத்துச் சென்றது.

அம்மனிதர் ஜான் மெக்கார்தர். மெரினோ ஆட்டினத்தை ஆஸ்திரேலியாவில் வளர்த்த குடும்பத்தின் தலைவர். நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1794இல் அவர் வாங்கியவை மெரினோ அல்ல. கல்கத்தாவிலிருந்து வந்த 60 வங்காள ஆடுகளும் குட்டிகளுமே. அவற்றோடு அயர்லாந்துக் கிடாய் ஒன்றைச் சேர்த்தார். பிறந்த குட்டிகளின் உடலில் மயிரும் கம்பளியும் விரவி வளர்ந்தன. கம்பளியே அறியாத தாயின் வயிற்றிலும் கம்பளி தோன்றுமெனில், நல்ல பொலிகிடாய் கிடைத்தால் என்னவாகும்? அந்த எண்ணமே வித்து.

மெரினோ ஸ்பெயின் நாட்டுச் செல்வம். அந்நாடு அதனைப் பிறர் கைக்குப் போகாமல் நெடுங்காலம் காத்தது. 1797இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து சில மெரினோ ஆடுகள் சிட்னி வந்து சேர்ந்தன. 1801இல் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டையிட்ட மெக்கார்தர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தண்டனைக்குப் போனவர், மன்னரின் மந்தையிலிருந்து ஆடுகளை வாங்கிக்கொண்டு 1805இல் திரும்பினார்! கேம்டனில் அவருக்குக் கிடைத்த நிலத்திற்கு முன்பே 'மாட்டு மேய்ச்சல் வெளி' என்று பெயர். 1788இல் குடியிருப்பிலிருந்து தப்பியோடிய மாடுகள் அங்கே பெருகியிருந்தன.

1809 முதல் 1817 வரை அவர் மீண்டும் நாட்டில் இல்லை. அவ்வாண்டுகளில் மந்தையைக் காத்தவர் அவர் மனைவி எலிசபெத். எந்தப் பெட்டைக்கு எந்தக் கிடாயைச் சேர்ப்பது, எதனைக் கழிப்பது என்பதே இத்தொழிலின் உயிர். கம்பளியை விரலால் பிரித்து அதன் மென்மையைப் பார்க்க வேண்டும். பார்த்ததைத் தலைமுறைதோறும் நினைவில் வைக்க வேண்டும். 1822இல் லண்டன் கழகம் ஒன்று அக்கம்பளிக்குப் பொற்பதக்கங்கள் அளித்தது. பணத்தாளிலோ கணவரின் முகம் மட்டுமே. மெரினோவின் குருதி பின்னர் நம் நீலகிரிக்கும் வந்து, கோயம்புத்தூர் ஆட்டோடு கலந்து, நீலகிரி ஆடு என்னும் இனமாயிற்று.

இதையெல்லாம் படித்தபோது என் நெஞ்சம் உறுத்தியது. என் பாட்டனார் இளமையில் பஃபலோ சாலையருகே கறவை மாடு வளர்த்தவர். பட்டணத்து மாட்டுக் கொட்டில்கள் 1930களில் அகற்றப்பட்டபோது அவரும் ஒதுங்கினார். இன்று அங்கே எஞ்சியவை பெயர்களே. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். அப்பெயர் தாங்கிய மருத்துவமனையில் பிறந்த என் மாணவர் பலருக்கு அது தெரியாது.

பாட்டனார் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் ஒரு கன்றைக் கண்டால் அதன் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி வரை பெயர் சொல்லி, யாருடைய பால் கெட்டி, யார் உதைப்பாள் என்று விரிப்பார். நான் ஐந்தாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதியபோது, சாணி வாடைக்கு நாணி, 'என் பாட்டனார் வணிகர்' என்று எழுதினேன். ஆசிரியர் பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டார். அதை அவரிடமே படித்தும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின்னர் என்னிடம் மாடுகளைப் பற்றிப் பேசவுமில்லை.

இவ்வாண்டு பொங்கலன்று கேம்பல் லேனில் மாடு பார்க்க வந்த பிள்ளைகளுடன் நானும் நின்றேன். பாட்டனார் சொன்ன குடிவழியை நினைவுகூர முயன்றேன். இலட்சுமி, அவள் மகள் காவேரி, காவேரியின் மகள் வெள்ளைச் சுட்டி உடையவள். அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை.