முக்கொம்பு கரையில் தாத்தாவின் பேனா

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கரூர் சாலையில் மேற்கே கிளம்பினால், வலதுகைப் பக்கம் காவிரி கூடவே வருகிறது. சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. வந்து சேரும் காவிரி ஒரு கொம்பு. பிரிந்து போகும் காவிரியும் கொள்ளிடமும் மற்ற இரண்டு. ஸ்ரீரங்கம் தீவு இந்த இரண்டு கிளைகளுக்கும் நடுவில்தான் படுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூங்காவில் ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகள், மர நிழலில் விரித்த போர்வைகள், புளியோதரை வாசம். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தாவும் பேத்தியும் கதவணை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தி கட்டடக்கலை மாணவி. மடியில் டேப்லெட். கையில் இருப்பதோ பழைய கறுப்பு இங்க் பேனா!

"மை ஊத்திக் கொண்டு வந்தியாம்மா?" என்கிறார் தாத்தா, தெரிந்தே.

"இதுக்கு இனிமே மையே வேண்டாம் தாத்தா."

இந்தப் பேச்சு தொடங்கி ஒரு மாதமாகிறது. தாத்தா அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது ஒரு மோன் பிளாங்க் பேனா. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம் போல ஒன்று இருக்கும். அது பனி மூடிய மோன் பிளாங்க் சிகரத்தின் அடையாளம். நிப்பில் பொறித்திருக்கும் 4810 என்ற எண், மீட்டரில் அந்தச் சிகரத்தின் உயரம். அந்தப் பேனா பல வருடங்களாகப் பெட்டியிலேயே கிடந்தது. 'இதை டேப்லெட்டில் எழுத வைத்தால் என்ன?' என்று பேத்திக்கு ஆசை வந்தது. தாத்தாவுக்கு வயிற்றைக் கலக்கியது.

பேனாவுக்குள் என்ன நடக்கிறது?

நிப்பை அப்படியே டேப்லெட் மேல் வைத்தால் கண்ணாடியில் கீறல்தான் மிஞ்சும். டேப்லெட் பேனாவின் சூட்சுமம் வேறு. சில டேப்லெட்டுகளில் திரைக்கு அடியில் மெல்லிய கம்பி வலை இருக்கிறது. அது ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனா முனைக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே சக்தியை வாங்கி, பதில் சைகை அனுப்பும். அதனால் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. இ.எம்.ஆர். என்று இதற்குப் பெயர். வேக்கம் நிறுவனம் பிரபலமாக்கிய முறை. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையிலும், ரிமார்க்கபிள் 2-லும் இதுதான். ஐபேடின் வழி தனி. அதன் பென்சிலுக்கு உள்ளேயே பேட்டரி உண்டு. அதனால் இ.எம்.ஆர். பேனா ஐபேடில் எழுதாது. காசு செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேனா கம்பெனிகளே இந்த வழிக்கு வந்துவிட்டன. 2014-ல் கேலக்ஸி நோட் 4-க்காக மோன் பிளாங்க் நிறுவனம் சாம்சங்கோடு சேர்ந்து டிஜிட்டல் பேனா வெளியிட்டது. ஜெர்மனியின் லாமி, தன் புகழ்பெற்ற சஃபாரி பேனா வடிவத்திலேயே டேப்லெட் பேனா செய்கிறது. இன்னொரு வழியும் உண்டு: இ.எம்.ஆர். உள்தண்டு ஒன்றை வாங்கி, நிப்பும் நாக்கும் இருந்த இடத்தில் பொருத்துவது.

பேத்தி நினைத்தது இந்த இரண்டாவது வழியை. ஆனால் தாத்தாவின் பேனாவில் மை உறிஞ்சும் பிஸ்டன் உடம்போடு சேர்ந்தே இருக்கிறது. தண்டுக்கு இடம் வேண்டுமானால் அதைப் பெயர்த்து எடுக்க வேண்டும். ஒரு தடவை பெயர்த்தால் பழையபடி மை ஏற்றி எழுதுவது சந்தேகம்தான். ரீஃபில் மாற்றுகிற பேனாவாக இருந்தாலாவது யோசிக்கலாம்.

"வேணாம் தாத்தா, இதைத் தொட வேண்டாம்" என்று அவளே பெட்டியை மூடினாள்.

அப்போதுதான் தாத்தா அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அலுவலகத்தில் தினமும் எழுதிய எபோனைட் பேனா. நிப்பு முறிந்து பல வருடம் ஆகிறது.

கடைசலில் பிறந்த பேனா

ரப்பரோடு கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தினால் கிடைக்கும் கெட்டிப் பொருள்தான் எபோனைட். அதைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துக் கையாலேயே பேனா செய்வது நம் பக்கத்துத் தொழில். திருவள்ளூரில் செய்யும் ரங்கா பேனாக்களை வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். நிப்புக்குப் பேர்போன ஊர் சாத்தூர்.

இந்த வேலைக்கு எபோனைட் மிகவும் தோது. முனையைச் சுற்றி உலோகம் இருந்தால் மின்காந்த சைகை தடுமாறும். எபோனைட்டில் உலோகமே கிடையாது. மையை நேராக உடம்புக்குள் ஊற்றும் பேனா என்பதால் உள்ளே வெற்றிடமும் தாராளம். நிப்பும் நாக்கும் கழுத்தில் இறுக்கிச் செருகியவைதான், இழுத்தால் வந்துவிடும்.

பேத்தி பேனாவைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ந்த மையைக் கழுவினாள். வெந்நீர் பட்டால் எபோனைட் நிறம் மாறிவிடும். தண்டில் மெல்லிய டேப்பைச் சுற்றி, ஆடாமல் கழுத்துக்குள் செருகினாள். முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்வாங்கினால் திரைக்கு எட்டாது. பசை போடவில்லை, எதையும் அறுக்கவில்லை. நாளைக்கே புது நிப்பு வாங்கி மாட்டினால் மறுபடி இங்க் பேனாதான்.

182 வருட அணை

முக்கொம்பில் அவள் வரைவது கொள்ளிடக் கதவணையை. ஒரு காலத்தில் பள்ளமான கொள்ளிடமே தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல்மேடிட்டு தஞ்சாவூர் வயல்கள் தவித்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டத் தொடங்கியது அதனால்தான். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, வெள்ளத்தில் அதன் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை எழுந்தது.

"அன்னிக்கு ராத்திரி டி.வி.யில பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரலை" என்கிறார் தாத்தா. "எத்தனை தடவை இதை வரைஞ்சிருக்கேன்!"

"இப்ப ஒரு தடவை வரைங்க."

பேனாவை வாங்கியவர், பழக்க தோஷத்தில் ஒரு உதறு உதறுகிறார். பேத்தி சிரிக்கிறாள். திரையில் முதல் கோடு விழுகிறது. அழுத்தினால் தடிமனாகவும் தளர்த்தினால் மெல்லியதாகவும் கோடு மாறுவதைப் பார்த்து அவர் புருவம் உயர்கிறது. ஒவ்வொரு மதகாக வருகிறது. மூன்றாவது தூண் மட்டும் கை நடுங்கிக் கோணிவிட்டது.

"ஒரு தட்டு தட்டினா அழிஞ்சுடும் தாத்தா."

"அழிக்காதே, இருக்கட்டும்" என்றபடி நாலாவது தூணைத் தொடங்குகிறார். வீட்டுப் பெட்டியில் அந்த மோன் பிளாங்க் இருக்கிறது. திரும்பிப் போகும் வழியில் அதற்கு ஒரு மைப்புட்டி வாங்க வேண்டும் என்று அவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள்.