எதன் மேல் பத்து சதவீதம்?

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டி ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டும் வேலை. கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டின் கடைசி வரியில் ‘ஓவர்ஹெட், லாபம் 20%’ என்று மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் அந்த வரியை விரலால் தட்டி, “சிமென்ட் தெரியுது சார், கம்பி தெரியுது. இது எதுக்கு?” என்று கேட்டார். கட்டட ஒப்பந்தங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். தி. நகரிலும் அடையாறிலும் இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகம் இதை மேற்செலவு என்கிறது. சைட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; ஓவர்ஹெட் என்றால்தான் மேஸ்திரிக்கும் புரியும்.

எந்தச் சுவரின் கணக்கிலும் எழுத முடியாத செலவு அது. கொத்தனார் கூலியை இந்தச் சுவருக்கு இவ்வளவு என்று பிரித்துவிடலாம். பில் போடும் பெண்ணின் சம்பளத்தையோ ஆபீஸ் வாடகையையோ ஆடிட்டர் ஃபீஸையோ எந்தச் சுவரில் ஏற்றுவது? எல்லா வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பங்கில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அது இல்லாமல் எந்தக் கம்பெனியும் இரண்டு வருடம் தாங்காது. இதை நான் வீட்டுக்காரர்களிடம் தயங்காமல் சொல்வேன்.

சண்டை வருவது எல்லையில். வாட்ச்மேன் ஓவர்ஹெட்டா? சைட் இன்ஜினியர்? சாரம்? தண்ணீர் லாரி? நான் எப்போதும் ஒரே கேள்வியால் பிரிக்கிறேன்: இந்த வேலை நாளைக்கே முடிந்தால் இந்தச் செலவு நிற்குமா? நின்றால் அது சைட் ஓவர்ஹெட். வேலை முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் ஆபீஸ் ஓவர்ஹெட். இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் போட்டு மூடினால், பிறகு வாட்ச்மேன் சம்பளம் தனி ஐட்டமாக ஒரு தடவையும் சதவீதத்துக்குள் இன்னொரு தடவையும் வந்துவிடும். ஒப்பந்தத்தில் பெயர் பெயராக எழுதச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது, எதன் மேல் சதவீதம் என்பது. நேரடிச் செலவு 100 ரூபாய்க்கு 10 ரூபாய் என்றால் 110 ரூபாய் பில்லில் அது 9.09% தான். பில் தொகையில் 10% வேண்டுமென்றால் செலவின் மேல் 11.11% போட வேண்டும். இருவரும் ‘பத்து சதவீதம்’ என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு, இறுதி பில்லில் இரண்டு வெவ்வேறு தொகையோடு வந்து நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அரசுத் துறைகளிலேயே முறை ஒன்றாக இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் ரேட் அனாலிசிஸில் கான்ட்ராக்டர் லாபமும் ஓவர்ஹெட்டும் சேர்ந்து 15%. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தரவுப் புத்தகத்தில் முதலில் ஓவர்ஹெட், அதையும் கூட்டிய தொகையின் மேல் லாபம் 10%. எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு அது பிடிபடவே பல வருடம் ஆயிற்று. ஒரு கம்பெனிக்கு வருடத்துக்கு ஆபீஸ் செலவு 24 லட்சம், வேலையின் நேரடிச் செலவு 2 கோடியே 40 லட்சம் என்றால் ஓவர்ஹெட் 10%. மறு வருடம் வேலை பாதியாகக் குறைந்தால் அதே ஆபீஸ் 20% ஆகிவிடும். வாடகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஓவர்ஹெட் நாள் கணக்கில் ஓடுகிறது. நாம் அதைச் செங்கல் கணக்கில் வசூலிக்கிறோம். வேலை நேரத்துக்கு முடிந்தால் இரண்டும் ஒத்துப்போகும். தாமதமானால் ஒத்துப்போகாது.

அடையாறில் ஒரு வேலை. வரைபடம் கைக்கு வர நான்கு மாதம் தாமதம். தவறு கட்டடம் கட்டச் சொன்னவர்களுடையது. சைட் இன்ஜினியரும் வாட்ச்மேனும் வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தகடுகளும் அத்தனை நாளும் அங்கேயே இருந்தன. ஒப்பந்தத்தில் ஓவர்ஹெட் சதவீதம் உண்டு, நாள் கணக்கு இல்லை. வேலை நடக்காததால் பில்லும் இல்லை. சதவீதம் எதன் மேல் போடுவது? தாமதத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைக்காத கான்ட்ராக்டருக்கு என்னால் ஒன்றும் வாங்கித் தர முடியவில்லை. முதல் வாரமே நான் கடிதம் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்படித் தாமதத்தில் ஓடும் ஓவர்ஹெட்டைக் கணக்கிடச் சூத்திரங்கள் உண்டு. ஹட்சன், எம்டன் என்று இங்கிலாந்தின் கட்டட ஒப்பந்த நூல்களின் பெயரில் இரண்டு. ஐக்லே என்று 1960இல் அமெரிக்கத் தீர்ப்பொன்றில் பிறந்தது ஒன்று. ஹட்சன் கணக்கு எளிது. 3 கோடியே 65 லட்சம் வேலை, 365 நாள். நாளுக்கு ஒரு லட்சம். ஓவர்ஹெட் 10% என்றால் நாளுக்கு 10,000. தாமதம் 90 நாள் என்றால் 9 லட்சம். ஆனால் அந்த 3 கோடியே 65 லட்சத்துக்குள் ஓவர்ஹெட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலேயே மறுபடி 10% போட்டால் ஓவர்ஹெட்டுக்கே ஓவர்ஹெட்.

மூன்று சூத்திரங்களையும் உச்ச நீதிமன்றம் 2006இல் மெக்டெர்மாட் வழக்கில் பேசியது. எதைப் பயன்படுத்துவது என்பதை நடுவரிடமே விட்டது. 2023இல் பாட்லிபாய் வழக்கில், ஹட்சன் கணக்கில் இப்படி இரண்டு முறை சேரும் ஆபத்தை எடுத்துக்காட்டியது. அதே வருடம் யூனிப்ரோஸ் வழக்கில், தாமதத்தால் லாபம் போயிற்று என்பவர் வேறு வேலை கிடைக்க இருந்ததையும் இங்கே மாட்டிக்கொண்டதால் அதை இழந்ததையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது. சூத்திரம் இருக்கிறதே என்று பதிவேட்டை விட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பை நான் வாசித்துக் காட்டுவதுண்டு. அரசு வேலைகளில் தடைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். தனியார் வேலையிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: எந்த நாள், எதனால் நின்றது, சைட்டில் யார் யார் இருந்தார்கள், இரு தரப்புக் கையெழுத்து.

மாட வீதி வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். 20 என்ற ஒரே எண்ணை உடைத்தோம். வாட்ச்மேன், சைட் இன்ஜினியர், மின்சாரம் மூன்றும் மாதத் தொகையாகத் தனி ஐட்டம். ஆபீஸ் ஓவர்ஹெட் நேரடிச் செலவின் மேல் 7%, லாபம் தனி வரி. வீட்டுக்காரரால் வேலை நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. கான்ட்ராக்டரால் நின்றால் அந்த மாதத் தொகையிலும் பிடித்தம்.

“பங்குனி உற்சவத்துக்கு?” என்றார் கான்ட்ராக்டர். உற்சவத்தில் அறுபத்து மூவர் ஊர்வலம் வரும் அன்று மாட வீதிக்குள் ஜல்லி லாரி வரவே முடியாது. உற்சவம் வருவது ஊருக்கே தெரியும். அந்தப் பத்து நாளைத் தெரிந்துதான் அவர் விலை போட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அட்டவணையில் பங்குனிக்கு நேரே பத்து நாளை அவரே அடித்துவிட்டு, கம்பி வேலையை மாசியில் முடிப்பதாகத் தேதியை மாற்றி எழுதினார்.