அடிப்பக்கம்

பிரேக்கை மிதித்தேன். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திருப்பாலைக்குடிக் கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறுகிற மண்பாதை அது. வண்டியில் என்னோடு ஐந்து பெண்கள், ஏழு மீன் கூடைகள், இரண்டு ஐஸ் பெட்டிகள். மேலே சாலையில் தொண்டிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று முறை மிதியை அடித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை இடப்பக்க உவர்ச்சேற்றுக்குள் திருப்பினேன். முன்சக்கரம் பாதி புதைந்து ஜீப் நின்றது. ஒரு கூடை கவிழ்ந்தது. வேறு சேதமில்லை.

“சேறு காப்பாத்திருச்சு டீச்சரு” என்றார் பின்னால் இருந்த அக்கா.

அந்தச் சேறுதான் பிரேக்கையும் தின்றது என்பது அன்று மாலை வண்டிக்கு அடியில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜீப் அப்பாவுடையது. கரையிலிருந்து மீன் ஏற்றுவதற்காக வாங்கியது. அப்பா போன பிறகு அதை விற்றுவிடலாம் என்றார்கள். நான் ஓட்டுவேன் என்று சொன்னபோது, “கல்லூரியில பாடம் நடத்துற பொம்பளைக்கு எதுக்கு ஜீப்பு?” என்று கேட்டார்கள். சனி, ஞாயிறுகளில் மீன் விற்கப் போகும் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். பேருந்தில் கூடையோடு ஏறுவது அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வழக்கு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் வயதான அம்மா ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் கத்திய காணொளியை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். எங்கள் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, “இதைப் போய் வீடியோ எடுத்திருக்காங்களே” என்றுதான் வியந்தார்கள். நடந்தது அவர்களுக்குச் செய்தி இல்லை.

ஆக, என் ஜீப்புக்கு உப்பு இரண்டு பக்கமும் உண்டு. மேலே கூடையிலிருந்து ஒழுகும் மீன்தண்ணீர், கீழே கழிச்சேறு.

கடற்கரை வண்டி துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எப்படிப் பிடிக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இரும்பு துருவேறத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவின் வேகம் பல மடங்காகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. சேறு காய்ந்தாலும் உப்பு போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். அடுக்களையில் உப்புச்சாடியின் அடி ஈரமாகக் கிடப்பதைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. வண்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சேறு அப்படி ஒரு சாடி. மழை இல்லாத நாளிலும் அது இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய தனுஷ்கோடி வண்டிகளைப் பார்த்திருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அங்கே போகும் ரயில் பாதை அழிந்தது. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கும்வரை, மணலிலும் கடல்நீர் தேங்கிய சேற்றிலும் ஜீப்புகளும் வேன்களும்தான் ஆட்களைச் சுமந்தன. மாணவிகளோடு ஒருமுறை அப்படி ஒரு வேனில் போனேன். என் காலுக்குக் கீழே பலகை போட்டிருந்தார்கள். பலகை விலகியபோது தரைத் தகடு இல்லை, ஓடும் மணல்தான் தெரிந்தது. மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே புதுப் பெயின்ட் அடித்து, பூமாலை போட்டு, பளபளவென்று இருந்தது அந்த வண்டி.

அதை நினைத்துத்தான் என் ஜீப்புக்குச் சேற்றுத் தடுப்புப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகடு, சக்கரக் குடைவுகளுக்குள் சேறு தெறிக்காமல் ஒரு மறைப்பு, சேஸின் ஓரமாக இன்னொரு தகடு. நகரத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். துணைக்கு வந்தவன் பத்தொன்பது வயது மருமகன், வண்டி ஓட்டத் தெரியாதவன். பட்டறைக்காரர் எல்லா விவரத்தையும் அவனிடம்தான் சொன்னார். நான் கேட்கிற கேள்விக்கும் அவனைப் பார்த்துத்தான் பதில் வந்தது. “தகட்டுக்குள்ள தண்ணி புகுந்தா எப்படி வெளியே வரும்?” என்று கேட்டேன். “தம்பி, டீச்சரம்மாக்கிட்ட சொல்லுப்பா. நாங்க ஃபுல்லா மூடிருவோம். எதுவும் உள்ள போகாது. சேஃப்டியா இருக்கும்.”

முழுதாக மூடினார்கள். ஓரங்களைச் சேஸோடு சேர்த்து வெல்டிங் வைத்தார்கள். குனிந்து பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காக, அழகாக இருந்தது. நானும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் இரண்டாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் இருநூறு பேர் முன்னால் தயங்காதவள், ஒரு பட்டறையில் ஒரு கேள்வியை மறுபடி கேட்கத் தயங்கினேன்.

எதுவும் உள்ளே போகாது என்பது பொய். மேலே இருந்து மீன்தண்ணீர் போனது. சக்கரம் அள்ளி வீசிய சேறு இடுக்கு வழியாகப் போனது. வெளியே வரத்தான் வழியில்லை. ஒன்றரை ஆண்டு அது உள்ளேயே கிடந்தது.

பிரேக் போன அன்று மாலை ஊரிலுள்ள மெக்கானிக் காக்காவின் கொட்டகைக்கு வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். அறுபதைத் தாண்டியவர், முட்டி தேய்ந்தவர். கீழே படுக்க அவரால் முடியாது, பையன் விடுப்பில் போயிருந்தான். “யாராச்சும் படுத்துப் பார்த்துச் சொன்னா நான் மேல நின்னு சொல்லிருவேன்” என்றார். சாக்கை விரித்து நான் படுத்தேன். சுடிதார்தான் போட்டிருந்தேன், இருந்தாலும் மல்லாந்து படுத்ததும் கை தானாகத் துப்பட்டாவைத் தேடியது. கொட்டகை வாசலில் இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள். பொதுவிடத்தில் மல்லாந்து படுத்திருக்கும் பெண் என்றால் நம் ஊர்க் கண்ணுக்கு என்னென்னவோ தோன்றும், வேலை பார்க்கிறாள் என்று மட்டும் தோன்றாது. காக்கா அவர்களைப் பார்த்து, “இங்க என்ன ஏலமா விடுறாங்க?” என்றார். போய்விட்டார்கள்.

வெல்டிங்கை அறுத்துத் தகட்டை இறக்கினோம். கூடை கூடையாகச் சேறு விழுந்தது. மீன் செதில், பாசி, ஒரு சின்ன நண்டின் ஓடு. பின்னால் போகும் பிரேக் பைப்பை விரலால் தொட்டேன், பொரித்த அப்பளம் போல உடைந்தது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழிதான். ஓரிடத்தில் பைப் போனால் எல்லாமே போச்சு. தகடு போடாத முன்பக்கச் சேஸ் மேலோட்டமாகத்தான் துருவேறியிருந்தது. தகடு காத்த இடம்தான் செதில் செதிலாக உரிந்தது.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் நான். நெய்தல் பாட்டுகளில் தலைவனின் தேர் கழிச்சேற்றில் வரும். சக்கரத்தில் நெய்தல் பூ அறுபடும். நண்டு நசுங்காமல் பாகன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும் காட்சி நற்றிணையில் உண்டு. தலைவிக்குத் தேர் என்பது தொலைவில் கேட்கும் மணியோசை. அவளுக்கென்று அகத்துறையில் வேறொன்று வைத்திருக்கிறார்கள்: இற்செறிப்பு. பருவம் வந்தவளை வீட்டுக்குள் வைத்துக் காப்பது. இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள், ஏன் என்று கேட்டால் ‘பாதுகாப்புக்காக’ என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வீடுகளுக்குள் என்ன தேங்கியது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. வாசல் மட்டும் எப்போதும் கழுவிக் கோலம் போட்டிருக்கும்.

“தகடே வேண்டாம் காக்கா” என்றேன்.

“வேணும் டீச்சர். கழியில கல்லும் சிப்பியும் கிடக்கு, எஞ்சினை உடைச்சிரும். சேறு வராம தடுக்கிறது பாதி வேலை. வந்த சேறு போக வழி வைக்கிறதுதான் மீதி. அதைத்தான் அவன் செய்யல.”

அந்த மீதி வேலையை இரண்டு வார இறுதிகளில் செய்தோம். முதலில் ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தோம். உப்பை எடுக்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் யாரோ. பிறகு ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் தார்க் கலவை. பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவதுதான் மலிவான வழக்கம். அது சொட்டிச் சொட்டிக் கழியில் கலக்கும், அங்கேதான் இந்தப் பெண்கள் நண்டு பிடிக்கிறார்கள் என்பதால் வேண்டாம் என்றேன். காக்கா ஒத்துக்கொண்டார்.

அதே தகட்டையே வெட்டிச் சரிசெய்தோம். மிகத் தாழ்வான இடங்களில் கட்டைவிரல் நுழையும் அளவு துளைகள் போட்டு, துளையின் விளிம்புக்கும் பெயின்ட் அடித்தோம். வெல்டிங் கிடையாது, எல்லாம் போல்ட். மரையில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்ற வரும். தகடு சேஸை ஒட்டாமல் இருக்கப் பழைய டயரை வெட்டி ரப்பர் வாஷர் வைத்தோம். ஒட்டி உட்கார்ந்தால் அந்த மெல்லிய இடுக்கில்தான் உப்புத்தண்ணீர் முதலில் தங்கும். பிரேக் பைப்பும் சைலன்சரும் தகட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார் காக்கா. முன்னது கண்ணில் படவேண்டும், பின்னதில் காய்ந்த பாசி சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

கடைசியாகப் புதுப் பைப்பில் காற்று எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே அந்த அக்கா ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். “அமுக்குங்க அக்கா... பிடிங்க... விடுங்க” என்று கீழிருந்து நான் கத்த, ஒவ்வொரு சக்கரமாகக் குமிழி போய் ஆயில் வந்தது. “இப்ப கல்லு மாதிரி நிக்கிதுடி” என்றார். அதுவரை டீச்சரு என்றவர் முதல்முறையாக ‘டி’ போட்டார்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் என்பது பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வருவது. அதை எடுத்து ஜீப்பின் அடியைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. முதல் வாரம் வெறும் குச்சியால் சுரண்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். போதாது என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மீன் விற்றுத் திரும்பியதும் அந்த அக்கா வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, துளையில் விரலை விட்டுப் பார்த்தார். “உள்ள இன்னும் இருக்கு” என்றார். வீட்டுக்குப் போய் அரைக்குடம் தண்ணீரோடு வந்தார். மற்ற நால்வரும் அப்படியே கொண்டுவந்தார்கள். இரண்டரைக் குடம். முதலில் காய்ந்ததைச் சுரண்ட வேண்டும், பிறகு ஈரச்சாக்கால் துடைக்க வேண்டும், கடைசியாகத்தான் தண்ணீர் என்று அவர்களே முறை வகுத்துக்கொண்டார்கள். இப்போது வாரம் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. துளை வழியாக முதலில் கலங்கலாக வரும், பிறகு வெளுக்கும். யார் கீழே படுப்பது என்பதில் மட்டும் சண்டை வரும். எல்லோருக்கும் ஆசை.