சந்திரசேகரும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

"இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பது நம் நாட்டில் புதிதன்று. ரயில்வே கணக்கு இலாகாவில் உயர்ந்த பதவி வகித்த சி. சுப்பிரமணிய ஐயரும் தம் மூத்த குமாரர் ஐ.ஸி.எஸ். பரீட்சை எழுத வேண்டுமென்றே விரும்பினார். தாயார் சீதாலக்ஷ்மி அம்மாளோ, பையன் தனக்குப் பிடித்ததையே படிக்கட்டும் என்றார். இப்ஸனின் நாடகத்தைத் தமிழில் தந்த அம்மையார் அவர். அவருடைய சொல் எடுபடாதிருந்தால் உலகம் ஒரு கலெக்டரைப் பெற்று ஒரு மேதையை இழந்திருக்கும்.

1910-ல் லாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் பயின்றவர். 1930-ல், பத்தொன்பதாம் வயதில், சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பிரயாணத்திலேயே ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த நக்ஷத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகிறது. அதனுள் நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தமே அதைத் தாங்குகிறது. ஆனால் அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அந்தத் தாங்கலும் தோற்றுவிடும் என்று அவர் கணக்குக் காட்டியது.

1935 ஜனவரி 11-ந் தேதி, லண்டன் வானசாஸ்திர சங்கத்தில் அவர் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய எடிங்டன், நக்ஷத்திரம் இப்படி அசட்டுத்தனமாக நடவாதபடி தடுக்க இயற்கையில் விதி இருக்க வேண்டும் என்று பரிகசித்தார். சபை சிரித்தது. எடிங்டனோ அக்காலத்தில் அத்துறையின் சக்கரவர்த்தி!

சந்திரசேகர் வசை பாடவில்லை; எடிங்டனிடம் கொண்ட மரியாதையையும் விடவில்லை. 1937-ல் சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்தார்; 1939-ல் தம் ஆராய்ச்சியை நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். அங்கே அவரிடம் பயின்ற லீ, யாங் இருவரும் 1957-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அது வர 1983 ஆயிற்று. 1995-ல் அவர் மறைந்தார். 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-ரே தொலைநோக்கி 'சந்திரா' என்று அவர் பெயரைத் தாங்குகிறது.

நாம் பாடம் சொல்வது ஸ்ரீபெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே. மோட்டார்த் தொழிற்சாலைகளின் விளக்கொளியில் இங்கே நக்ஷத்திரங்கள் மங்கித்தான் தெரிகின்றன. ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனார், "டிப்ளமோ படித்தால் கம்பெனியில் சேரலாம், பௌதிகம் எதற்கு, ஸார்?" என்கிறார். வீட்டு வாடகை கொடுக்கிறவரின் கவலை அது. அதைக் குறை சொல்லலாகாது. சந்திரசேகரையும் கப்பலேற்றியது வெறும் ஆசீர்வாதமன்று, உபகாரச் சம்பளம். இன்றும் கிடைக்கும் அத்தகைய உதவிகளை விசாரித்து, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பது உபாத்தியாயர் கடமை. இன்னொரு கடமையும் உண்டு.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சூரியன் அணைந்துபோனால் என்ன ஆகும், ஸார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 1.4 என்று எழுதி, "நம் சூரியன் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று விளக்கத் தொடங்கினோம்.