ஸ்பிரிட் பட்ட தட்டு

இசைத்தட்டின் அருமை பற்றி மேடை மேடையாகப் பேசியவன் நான். செல்போனில் பாட்டுக் கேட்பவர்களைச் செவிடர்கள் என்று கேலி செய்திருக்கிறேன். 2020-ல் அமெரிக்காவில் தட்டு விற்பனை வருமானம் சி.டி.யை முந்தியபோது, ஏதோ நானே ஜெயித்த மாதிரி திரிந்தேன். தட்டு எதனால் ஆனது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மயிலாடுதுறையில் ஒரு பெரியவர். நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய 78 சுற்றுத் தட்டு, அவரிடம் இருந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். ஓரிடத்தில் ஊசி வந்ததும் சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்கும். அவர் மனைவி கைதவறிப் போட்ட கீறல். அந்த அம்மாள் இப்போது இல்லை. "தோடியோட அவளும் வந்துட்டுப் போவா தம்பி" என்பார்.

"சுத்தம் பண்ணித் தர்றேங்கய்யா" என்று நானாகத்தான் வாங்கி வந்தேன். அவர் கேட்கவே இல்லை.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். என் வினைல் தட்டுகளை அப்படித்தான் துடைப்பேன். ஆனால் வினைல் என்பது 1948-ல் எல்.பி. வந்த பிறகு பரவியது. பழைய 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் கல்மாவு கலந்து வார்த்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பஞ்சு கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினேன். பளபளப்பு போயிற்று. விரல் ஒட்டியது. தோடியின் வரிகளைத்தான் வழித்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்துச் செய்தது இதைவிடக் கேவலம். தட்டைப் பெரியவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தபோது, "பூஞ்சை அரிச்சிருக்குங்கய்யா. பரண்ல ஈரம் பட்டிருக்கும்" என்றேன். தட்டு விஷயத்தில் என் சொல்லை அப்படியே நம்புகிறவர் அவர். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். போன மழையில் அதைப் பரணில் ஏற்றியது அந்தப் பெண். என் எதிரிலேயே திட்டு வாங்கினாள். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அவள் போட்டுக் கொடுத்த காபியைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன். பேர் கெட்டுவிடுமே என்ற பயம். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பேரன் இப்போது செல்போனில் அதே தோடியைப் போட்டுக் கொடுக்கிறானாம். சுத்தமான பதிவு, 'டக்' கிடையாது. பெரியவர் பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுகிறார் என்று கேள்வி.

மருமகளிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இசைத்தட்டுப் பராமரிப்பு பற்றிப் பேச அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.