தன் வேலையைப் பார்க்கும் மான்

கோடியக்கரைக்கு இப்போதும் போகிறேன். சார் இல்லாத கோடியக்கரைதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

சார், வேதாரண்யம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1967-ல் கோடியக்கரை சரணாலயமான நாளிலிருந்து அங்குள்ள புல்வெளியை அறிந்தவர். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள நான் அவரிடம் போனது ஸ்லைடு ஃபிலிம் காலத்தில். ஒரு ரோலில் 36 படம். வெளிச்சக் கணக்கு ஒரு ஸ்டாப் பிசகினாலே படம் போய்விடும். அங்கே மேயும் ஆண் வெளிமானுக்கோ முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. முதுகை அளந்தால் மீட்டர் கூடுதல் வெளிச்சம் கேட்கும், வயிறு வெளுத்துப்போகும். "மானை அளக்காதே தம்பி, அதே வெயில்ல நிக்குற புல்லை அள" என்பார்.

இது புத்தகத்திலும் கிடைக்கும். உட்காரக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எல்லை பிடித்த ஆண் வெளிமான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். வனத்துறை அனுமதியோடு போய் அந்தக் குவியலைக் கண்டுபிடிப்போம். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகத் தள்ளிப் படுத்துக்கொள்வோம். மான் வரும். வந்ததும் எடுக்கக் கூடாது. தலை நிமிர்ந்து, காது நம் பக்கம் திரும்பியிருந்தால் அது நம்மைக் கண்டுகொண்டது. மறுபடி குனிந்து மேய வேண்டும், அல்லது கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு பெட்டையை நோக்கி நடக்க வேண்டும். அப்புறம்தான் அவர் விரல் அசையும். "உன்னப் பாக்குற மான் எதுக்கு? தன் வேலையப் பாக்குற மானை எடு."

காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனின் பெயர் வந்தால் சாரின் குரலே மாறும். தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய காமிராவோடு காட்டில் அலைந்து, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் கிருஷ்ணன். அந்தப் படங்களில் விலங்கோடு அதன் இடமும் இருக்கிறது என்பது சாரின் கட்சி. கறுப்பு வெள்ளைதான் உண்மை என்பார். நான் வண்ணத்தின் பக்கம். ஓயாத வாக்குவாதம்.

சென்னையில் கழுவி வந்த ஸ்லைடுகளை லைட் பாக்ஸில் பரப்பி, லூப்பைக் கண்ணில் வைத்துக் குனிவார். மான் லென்ஸை முறைக்கிற படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், ஓரத்துக்குப் போய்விடும். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் ஏங்குகிறேன். இன்று ஒரு நொடிக்கு இருபது படம் விழுகிறது, பின்திரையில் உடனே தெரிகிறது. அருமையான கருவி. அருகில் குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் ஏறிவருவதைப் பார்த்து மனம் நொந்தவர் சார். நாங்கள் படுத்துக் கிடந்த மேடு இன்று முள்ளுக்குள். 2018 நவம்பரில் கஜா புயல் காட்டை முறித்துப் போட்டபோது அவர் இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

போன டிசம்பரில் ஒரு படம் அமைந்தது. மழை விட்ட சாயங்காலம், உப்பங்கழிமேல் ஊதா வெளிச்சம், குனிந்து மேயும் ஓர் ஆண் மான். இந்த ஊதாவைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் கொண்டுவருவீர்கள் சார் என்று கேட்க வேண்டும். அவர் என்னோடு சண்டைக்கு வர வேண்டும்.