கானில் தங்கிய மண்

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே பழைய விதைத்தேயிலை மலை. காட்டை அழித்துக் கோப்பி போட்டு, 1869இல் தலைகாட்டிய இலைநோயில் கோப்பி அழிந்த பிறகு தேயிலை வைத்த சரிவு அது. அம்மா கொழுந்தெடுக்கையில் நிரைக்கடியில் குந்தியிருப்பேன். மேலே பச்சை மூடிக்கிடக்கும். குனிந்து பார்த்தால், செடியின் தூர் தரையில் இல்லை, வேர்கள்மேல் நிற்கும். இடையில் என் கை நுழையும். அடியில் மண்ணைவிடப் பரல்கல்தான் அதிகம்.

"செடி மேல வரலடா, மண்ணு கீழ போயிருச்சு" என்பாள் பாட்டி.

அவளுக்குத் தெரியும். இளவயதில் அவள் பிடித்தது சுரண்டி. மலையில் ஒரு புல் தெரியக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். புல்லோடு மேல்மண்ணும் வழிந்து வரும். சுத்தமான தோட்டம் என்று துரைமார் பெருமைப்பட்டார்கள். மண்ணைப் பிடித்திருந்த புல்லை எங்கள் சனத்தின் கையாலேயே எடுக்கவைத்துவிட்டு, கொழுந்து குறைந்தபோது ஏசியதும் எங்கள் சனத்தைத்தான்.

அப்பாவுக்குக் கான் வெட்டு, வடிகால் வெட்டும் வேலை. மலையைக் குறுக்கே வளைத்து லேசான வாட்டத்தில் ஓடும் கானுக்குள் இடைக்கிடை ஒரு தடுப்பு, ஒரு குழி. தண்ணீர் தடுப்பில் முட்டி, மண்ணைக் குழியில் விட்டு, மேலால் வழிந்து போகும். பெருமழைக்கு மறுநாள் சோறு கொண்டுபோனால், அப்பா குழிமண்ணை மம்பட்டியால் அள்ளி மேல்பக்கத்துச் செடித்தூருக்கு எறிந்துகொண்டிருப்பார். ஏற்றத்தில் எறிந்தால் தோள் விட்டுப்போகும்.

"கீழ தள்ளுனா லேசுதானேப்பா?"

"ஆத்துக்குப் போயிரும்டா. அப்புறம் யாரு அள்ளிட்டு வர்றது?"

அந்த ஆறு கொத்மலை ஓயா, மகாவலியில் சேர்வது. 1985இல் அதன் குறுக்கே கட்டிய அணை திறந்தபோது, அப்பா எறியாமல் விட்டிருந்தால் அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்கு ஓடியது.

பிறகு அந்த மலையின் பழைய தேயிலையைப் பிடுங்கினார்கள். வேர் போன சரிவை மழை சும்மா விடாது. அதனால் மறுதேயிலைக்கு முன் மானாப்புல் நட்டு, ஆளுயரம் வளரவிட்டு, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பினார்கள். அதற்குள் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம். பாட்டி வாசலில் நின்று பார்ப்பாள். "நாங்க சொரண்டுன புல்ல இப்ப இவுங்களே நடுறாங்க" என்பாள். புல் மக்கிய இடத்தைக் கிளறினால் மண்புழு நெளியும். பழைய தேயிலையடியில் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

இப்போது ஊருக்குப் போனால் என் கண் முதலில் கானைத்தான் தேடுகிறது. ஆளில்லை என்று பல மலைகளில் தூர் வாருவதில்லை. குழிகள் நிரம்பி, மழைத்தண்ணீர் செடிகளுக்கு நடுவே தன்பாட்டில் வழி கீறியிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.